கோழி அரிசி

எனக்கு வேலை போன அன்னிக்கு கையில ரெண்டு சாமான் குடுத்து அனுப்புனாங்க. ஒண்ணு எட்டு நாள் சம்பளம். இன்னொண்ணு இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டை.

கூத்தாநல்லூர் போற ரோட்டுல ஒரு ரைஸ் மில்லு. அங்க அஞ்சு வருசமா மூட்டை தைக்கிற வேலை எனக்கு. கையில புடிக்கிற தையல் மிசினு ஒண்ணு மேலேருந்து தொங்கும். எடை போட்டு வர்ற மூட்டையோட வாய்க்கு நேரா அத காட்டுனா டர்ர்ருனு மூணு செகண்டுல தைச்சிட்டுப் போயிடும். யாராச்சும் என்ன வேலை பாக்குறேன்னு கேட்டா டெய்லர்னு சொல்லுவேன். பொய் இல்லையே. பொண்ணு பாக்கப் போனப்பவும் அதத்தான் சொன்னேன். அவங்க வூட்டு அத்தை ஒருத்தவங்க, "ஜாக்கெட்டு தைப்பீங்களா தம்பி?"ன்னு கேட்டாங்க. "இருபத்தஞ்சு கிலோவுக்கு மேல இருந்தா தைப்பேங்க"ன்னேன். எங்கப்பா பாயில ஒக்காந்தபடியே என் தொடைய கிள்ளுனாரு.

அந்தத் திங்கக்கெழமை காலைல மொதலாளி எங்க பதினோரு பேரையும் கூப்புட்டாரு. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறாங்களாம், மில்ல பூட்டப் போறாங்களாம். "நாளைலேருந்து வர வேணாம்ப்பா"ன்னாரு. "சார், நாளைலேருந்தா, இப்பலேருந்தேவா? மத்தியானச் சோறு கட்டிக்கிட்டு வந்துட்டேன், சாப்புட்டுப் போலாமா?"ன்னு கேட்டேன். யாரும் சிரிக்கல. அவரும் சிரிக்கல. நல்ல மனுசன்தான். போறப்ப ஆளுக்கு ஒரு மூட்டை எடுத்துக்கச் சொன்னாரு. இடுப்புல கொடத்த வச்சுக்கிட்டு ஒரு பொண்ணு நிக்கிற படம் போட்ட மூட்டை. நான் தைச்ச மூட்டைதான். வண்டில முன்னாடி வச்சுக்கிட்டு, வாய்க்கா கரை ஓரமா, அந்தப் பொண்ணு கூடவே எங்க வூடு வந்து சேந்தேன்.

வூட்டுல நாலு பேரு. அப்பா, அம்மா, நான், டீச்சர். டீச்சர்னா என் பொண்டாட்டி. இன்னும் டீச்சர் ஆவல. பி.எஸ்சி. கணக்கு முடிச்சுட்டு பி.எட். ஒரு வருசம் படிச்சாச்சு, இன்னும் ஒரு வருசம் பாக்கி. நான் பத்தாவது. அதுலயும் கணக்குல ரெண்டு தடவ எழுதிப் பாத்துட்டு, மூணாவது தடவ கணக்குக்கு நம்ம மேல விருப்பம் இல்லன்னு தெரிஞ்சு வுட்டுட்டேன். அவங்க வூட்டுல எங்க நெலத்தத்தான் பாத்தாங்க, என்ன அப்புறமாத்தான் பாத்தாங்க. கல்யாணத்துக்கு அவ போட்ட கண்டிசன் ஒண்ணே ஒண்ணு, படிச்சு முடிக்க வுடணும். "என் மருமவள நான் படிக்க வைக்கிறேன்"னு எங்கப்பா சபையில சொல்லிட்டாரு. மொத வருச பீஸுக்காக அடகு வச்ச சங்கிலி இன்னும் சொசைட்டிலதான் இருக்கு. ரெண்டாவது வருச பீஸு இருவத்திரெண்டாயிரம், ஆவணி பொறந்த மொத வாரத்துக்குள்ள கட்டணும். கட்டலன்னா பேர எடுத்துடுவாங்க. வேலை போனப்ப வைகாசி கடைசி.

வூட்டுல யாரும் அழுவல. அம்மா மட்டும், "எட்டு நாள் சம்பளத்த எப்புடிடா கணக்குப் போட்டாங்க, ஞாயித்துக்கெழமைய சேத்தாங்களா?"ன்னு கேட்டாங்க. அப்பா மூட்டைய தூக்கி உள்ள வச்சுட்டு, "நல்ல அரிசி"ன்னாரு. டீச்சர் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கைய நீட்டுனா.

"போனைக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க."

குடுத்தேன். பணம் அனுப்புற ஆப்ப தொறந்து, போன மாசம் பூரா நான் எங்கெங்க ஸ்கேன் பண்ணேன்னு வெரலால தள்ளித் தள்ளிப் பாத்தா. மூஞ்சில ஒரு மாத்தமும் இல்ல. பரிட்சை பேப்பர் திருத்துறவங்க மூஞ்சி அப்புடித்தான் இருக்கும்னு எனக்குப் பழைய அனுபவம்.

"டீக்கடைக்கு ஆயிரத்தி அறுநூறு. டீ குடிச்சீங்களா, கடைய வாங்குனீங்களா?"

"பிரெண்ட்ஸுங்க வருவாங்க."

"அவங்களுக்கு இனிமே நீங்க வேலை இல்லாதவருன்னு சொல்லிடுங்க. வர மாட்டாங்க."

உண்மைலயே வரல. அத நான் தமாசுன்னு நெனச்சேன், அவ கணக்கா சொல்லிருக்கா.

பின் நம்பர மாத்திட்டா. அன்னிலேருந்து என் போன்ல இருந்த காசுக்கு நான் வாட்ச்மேன் மட்டும்தான். அப்புறம் ஒவ்வொண்ணா வெட்டுனா. டிவி ரீசார்ஜ் நின்னுச்சு. அம்மா சீரியல பக்கத்து வூட்டு சன்னலு வழியா காதால பாத்தாங்க. வெந்நிக்கு கேஸ் வேணாம், தென்ன மட்டைய வச்சு வெளி அடுப்புல போடுங்கன்னா. வண்டிக்கு வாரம் நூறு ரூவா பெட்ரோல். நான் நாத்து முடி சொமக்கப் போனேன், உர லாரில எறக்கப் போனேன். அந்தக் கூலி வூட்டுச் செலவுக்கு. அம்மாவோட நடவுக் கூலியும் வூட்டுக்கு. டீச்சர் நாலு தெரு புள்ளைங்களுக்கு சாயங்காலம் கணக்கு டியூசன் ஆரம்பிச்சா. ஆளுக்கு முந்நூறு. அதுவும் செலவுல மிச்சம் புடிச்சதும் பீஸுக்கு. குறுவைக்குன்னு அப்பா வச்சிருந்த காசுல கை வைக்கக் கூடாதுன்னு அவளே சொல்லிட்டா. அப்பா, "வட்டிக்கு வாங்கிக் கட்டிடலாம்மா, நான் பாத்துக்குறேன்"னாரு. "வேணாம் மாமா. வட்டிக்கு வாங்குனா நான் படிக்கிறதே வட்டி கட்டத்தான்னு ஆயிடும்"னா. அப்பா துண்ட ஒதறி தோள்ல போட்டுக்கிட்டு வயலுக்குப் போயிட்டாரு.

கடைசியா அவ கை அரிசில வந்து நின்னுச்சு.

இத கொஞ்சம் சொல்லணும். எங்களுக்கு ஆறு மா நெலம், அதாவது ரெண்டு ஏக்கரு. போடுறது குண்டு ரகம், அதுதான் நல்லா வெளையும். அறுத்த ஒடனே பூரா நெல்லையும் கொள்முதல் நிலையத்துல போட்டுடுவோம், ஒரு மரக்காலு கூட வூட்டுக்கு வராது. அவிக்கவும் காய வைக்கவும் யாருக்கு முடியுது? அதனால, நெல்லு வெளையிற வூடு மாசம் ரெண்டு மூட்டை சன்ன அரிசி கடைல வாங்கித் திங்கும். ஒரு மூட்டை ஆயிரத்தி நானூறு. எங்க வூடு மட்டும் இல்ல, ஊரே அப்புடித்தான். அது போவ, ரேஷன்ல மாசம் இருபது கிலோ அரிசி சும்மா குடுப்பாங்க. அத அம்மா வாங்கியாந்து கோழிக்குப் போடுவாங்க. எங்க வூட்டுல அதுக்குப் பேரே கோழி அரிசி.

இத்தனைக்கும் அது யாரு அரிசி? எங்கப்பா வெளைய வச்சு கொள்முதல்ல போடுறாரு. அங்கேருந்து மில்லு, மில்லுலேருந்து குடோன், குடோன்லேருந்து ரேஷன் கடை. இவ்வளவு தூரம் சர்க்கார் செலவுல ஊரச் சுத்திட்டு எங்க வாசலுக்கு வந்ததும், பா பா பான்னு கோழியக் கூப்புடுவோம். எங்க ஊரு கோழிங்க மாதிரி கவுரவமா சாப்புட்ட கோழிங்க ஒலகத்துல இருக்காது.

டீச்சர் சொன்னா, "மாசம் ஒரு மூட்டை கடைல வாங்குவோம். இன்னொரு மூட்டைக்குப் பதிலா ரேஷன் அரிசி. ரெண்டு மாசத்துல ரெண்டாயிரத்தி எண்ணூறு மிச்சம்."

அப்பா தட்டுல கை வச்சபடியே நிமுந்து பாத்தாரு. "யாரு திங்கிறது அத?"

"நாமதான் மாமா."

"நான் திங்க மாட்டேன். அது கோழிக்கு."

நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இல்ல. "நீ வெளைய வச்சதுதானப்பா அது."

"வெளைய வைக்கிறது வேற, திங்கிறது வேற. மாப்புள வூட்டுக்காரன் வந்து ஒக்காந்தா அவன் எலையில அதப் போடுவியா?"

"எந்த மாப்புள? எனக்கு தங்கச்சியே இல்லையே."

"வாய மூடுறா."

அவரு அப்புடித்தான். டீக்கடைல ஒருத்தரப் பத்தி கொறையா பேசணும்னா, "அவன் வூட்டுல ரேஷன் அரிசிதான் ஒல கொதிக்குது"ம்பாரு. அத அவரு வாயாலயே நாப்பது வருசமா சொல்லிட்டாரு. இப்ப எப்புடி திம்பாரு? டீச்சர் அன்னிக்கு ராத்திரி காலண்டர் தாளு பின்னாடி போட்ட கணக்குல அந்த ரெண்டாயிரத்தி எண்ணூற அடிச்சா. அடிச்சுட்டு அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் அவள கேலி பண்ணாம இருந்தது அன்னிக்கு ஒரு நாளுதான்.

அப்புறம்தான் எனக்கு யோசன வந்துச்சு. மில்லு மொதலாளி குடுத்த அந்தக் கொடத்துப் பொண்ணு சாக்கு காலியா கெடந்துச்சு. நான் யாரு? டெய்லர்.

அம்மாவ கூட்டு சேத்துக்கிட்டேன். ரேஷன் அரிசி இருபது கிலோ. கடை மூட்டைல கடைசி அஞ்சு கிலோவ எடுத்து மேல போட்டு இருபத்தஞ்சு ஆக்குனோம். சாக்கு வாய மடிச்சு கோணி ஊசியால வெள்ள நூலு போட்டு தைச்சேன். மிசினு இல்லாம நான் தைச்சது வாழ்க்கைல அதுதான் மொத தடவ. டீச்சர் வந்து இடுப்புல கைய வச்சுக்கிட்டுப் பாத்தா.

"இதுதான் டெய்லர் தையலா? ஏன் வாய்க்கா மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போவுது?"

"ஆத்துப் பாசனம்."

"மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"அவருக்கு ஒரு கண்ணுல பொர விழுந்து ரெண்டு வருசம் ஆச்சு. இன்னொரு கண்ணு செல்போன் நம்பரையே தடவிப் பாக்குது. எப்புடித் தெரியும்?"

எங்க வூட்டுல மூட்டை பிரிக்கிறது எப்பவும் அப்பாதான். மில்லுத் தையல்ல ஒரு மொனை இருக்கும். அதப் புடிச்சு இழுத்தா டர்ர்னு மொத்த வாயும் தானா பிரியும். அந்த சத்தம் அவருக்குப் புடிக்கும். இழுத்துட்டு அந்த நூல சுருட்டி எரவானத்துல சொருவி வைப்பாரு. அன்னிக்கும் வந்தாரு. மொனைய புடிச்சு இழுத்தாரு. வரல. அந்தப் பக்கத்து மொனைய இழுத்தாரு. வரல. நான் கொல்லைப் பக்கமா நழுவப் பாத்தேன்.

"என்னடா, நூலு வரல?"

"ஈரத்துல ஊறியிருக்கும்ப்பா."

ஒரு நிமிசம் தையலத் தடவிப் பாத்தாரு. அருவாள எடுத்துட்டு வந்து அறுத்தாரு. அம்மா அரிசிய ரொம்ப நேரம் ஊற வச்சு, கஞ்சிய நல்லா வடிச்சு, ரசம் வச்சாங்க. அப்பா ரெண்டு வாயி சாப்புட்டாரு. நாங்க மூணு பேரும் அவரு வாயையே பாத்தோம்.

"இந்தத் தடவ கொஞ்சம் பெருசா இருக்கு"ன்னாரு.

"பழைய அரிசிங்க. ஊறுது"ன்னாங்க அம்மா.

"ம். கடை அரிசி கடை அரிசிதான்"னு சொல்லிட்டு இன்னும் ரெண்டு கரண்டி போடச் சொன்னாரு.

நான் வெளில போயி மாட்டுக்கிட்ட நின்னு சிரிச்சேன். ஆனி, ஆடின்னு ஓடுச்சு. மாசம் ஒண்ணு நெசமான மூட்டை, ஒண்ணு என் மூட்டை. என் மூட்டை வர்றப்ப அப்பா அருவாளோடயே வந்து ஒக்காருவாரு. அத நான் கவனிக்கல. கவனிச்சிருந்தா பத்தாவதுல பாஸ் பண்ணிருப்பேன்.

ஆடி கடைசில டீச்சர் எண்ணிப் பாத்தப்ப பதினேழாயிரம் இருந்துச்சு. இன்னும் அஞ்சாயிரம் வேணும். பத்து நாளுதான் பாக்கி. எனக்கு வேலை வர்ற எடம் ஒண்ணும் இல்ல, நடவு முடிஞ்சிருச்சு. வண்டிய வித்துடட்டுமான்னு கேட்டேன். "வித்துட்டு வேலை தேடி நடந்து போவீங்களா?"ன்னா. காலேஜுல கேட்டுப் பாத்தா. மொத்தமா கட்டணும்னாங்களாம். டியூசன் புள்ளைங்களுக்கு அன்னிக்கு ஒரே கணக்க ரெண்டு தடவ சொல்லிக் குடுத்தா. புள்ளைங்களுக்கே தெரிஞ்சுடுச்சு, "அக்கா, இத இப்பதானே போட்டோம்"னாங்க.

அடுத்த நாளு காலைல எந்திரிச்சா கொல்லைல கோழி இல்ல. நாலு சேவலும் போச்சு, பொட்டைல மூணு போச்சு. அடை காக்குற ஒண்ணு மட்டும் கூடைக்குள்ள இருந்துச்சு. நரி வந்துருச்சுன்னு நான் கத்துனேன். அப்பா சைக்கிள்ல வந்து எறங்குனாரு. ஆடி கடைசி வெள்ளில ஊருல பாதிப் பேருக்கு மதுரைவீரன், முனீஸ்வரன்னு பூசை. சேவலுக்கு அன்னிக்கு இருக்குற வெலை என்னிக்கும் இருக்காது. டவுசரு பையிலேருந்து சுருட்டுன நோட்ட எடுத்து டீச்சர் கிட்ட நீட்டுனாரு. அஞ்சாயிரத்தி எறநூறு.

"என்ன மாமா இது? கோழிய ஏன் வித்தீங்க?"

"தீனி இல்லாம எளைச்சுப் போவுதும்மா. வச்சிருந்து என்ன பண்ண?"

சொல்லிட்டு மம்முட்டிய எடுத்துக்கிட்டு தண்ணி பாக்கப் போயிட்டாரு.

நான் நோட்ட எண்ண ஆரம்பிச்சேன். டீச்சர் எண்ணல. வாசலையே பாத்தா.

"மாமாவுக்குத் தெரியும்"னா.

"என்னது?"

"கோழிக்கு ஏன் தீனி இல்ல? அது திங்கிற அரிசி எங்க போச்சு? அவருக்குத் தெரியும்ங்க."

"ச்சே. அவரு சும்மா சொன்னாரு. கோழிக்குன்னு தவிடு இல்லையா, நொய்யி இல்லையா? ரெண்டு மாசமா கடை அரிசி கடை அரிசின்னு சப்புக்கொட்டித் தின்னவரு."

"பந்தயம்?"

"பந்தயம். நான் ஜெயிச்சா என் பின் நம்பர திருப்பிக் குடுக்கணும்."

"நான் ஜெயிச்சா நீங்க பத்தாவது கணக்கு பரிட்சை எழுதணும்."

கையடிச்சுட்டேன். தோக்குற மாதிரி எதையும் நான் பாக்கல. பீஸ ரெண்டு நாள்ல போயி கட்டுனோம். கவுண்டர்ல ரசீது வாங்கி, அத ரெண்டா மடிச்சு பைக்குள்ள வச்சு, திரும்ப எடுத்துப் பாத்து, திரும்ப வச்சா. பஸ் ஸ்டாண்டுல எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தா. பன்னெண்டு ரூவா, அவ போன்லேருந்து ஸ்கேன் பண்ணா. பெரிய மனசு.

புரட்டாசில குறுவை அறுப்பு. எங்க ஊரு கொள்முதல் நிலையத்துல லோடுமேன் வேலை கெடைச்சுது எனக்கு. நெல்ல தூத்தி, மூட்டை புடிச்சு, எடை போட்டு, சணலால தைச்சு லாரில ஏத்துற வேலை. ஒரு நாளு எங்கப்பா நெல்லு வந்துச்சு. நான் கோணி ஊசிய எடுத்துக்கிட்டு பெருமையா அவரு மூட்டைக்கிட்ட போனேன். வரிசைல நின்ன ஊர்க்காரங்க, பில்லு போடுறவரு, லோடுமேனுங்க அத்தன பேரும் இருக்காங்க.

அப்பா கைய நீட்டி மறிச்சாரு. "யப்பா, இவன தூக்க வுடுங்க, தூத்த வுடுங்க, தைக்க மட்டும் வுடாதீங்க. இவன் தையல அருவாளால அறுத்து அறுத்தே என் கை ஓஞ்சு போச்சு."

லோடுமேன் ஒருத்தரு, "இவன் எப்ப ஒனக்கு மூட்டை தைச்சான்?"ன்னு கேட்டாரு.

"தைச்சான், தைச்சான்"னாரு அப்பா.

சாயங்காலம் வாய்க்கா மதகுகிட்ட ரெண்டு பேரும் காலு கழுவுறப்ப கேட்டேன். "தெரிஞ்சுதான் தின்னியா? ஏம்ப்பா சொல்லல?"

"நான் போட்ட நெல்லு வாசன எனக்குத் தெரியாதா?" காலை தேச்சுக்கிட்டே சொன்னாரு. "சொல்லிருந்தா நான் ரேஷன் அரிசி திங்கிறவன்னு ஆயிருக்கும். மூட்டைலேருந்து வந்தா அது கடை அரிசி."

"பின்ன கோழிய ஏன் வித்த?"

"அதுங்களுக்கு யாருடா மூட்டை தைப்பா?"

துண்டால மூஞ்ச தொடச்சுக்கிட்டு முன்னாடி போயிட்டாரு.

இப்ப எனக்கு லோடுமேன் வேலை அறுப்பு மாசத்துல மட்டும்தான். மத்த நாளு ஒரு மாவு மில்லுல நிக்கிறேன். பழைய சம்பளத்துல முக்காவாசி வருது. கடை அரிசி மறுபடியும் ரெண்டு மூட்டைன்னு அம்மா சொன்னாங்க. அப்பா வேணாம்னுட்டாரு. "அந்தக் கோணத் தையல் கம்பெனியே இருக்கட்டும்"ங்குறாரு. அதனால மாசா மாசம் ரேஷன் கடைக்குப் போயிட்டு வந்து, தெரிஞ்சே அவரு முன்னாடி ஒக்காந்து தைக்கிறேன். அவரும் அருவாளோட ஒக்காந்திருக்காரு. பக்கத்து வூட்டுக்காரங்க வந்தா மட்டும் மூட்டைல இருக்குற கொடத்துப் பொண்ணு படம் தெரியிற மாதிரி திருப்பி வைக்கணும்.

பந்தயத்துல தோத்ததுக்கு சாயங்காலம் டியூசன்ல புள்ளைங்களோட நானும் ஒக்காருறேன். மொத நாளு டீச்சர் எனக்குன்னே ஒரு கணக்கு போட்டா. ஒரு வூட்டுல நாலு பேரு, மாசம் அம்பது கிலோ அரிசி, அதுல இருபது கிலோவுக்குக் காசு இல்ல, மிச்சம் கிலோ அம்பத்தி ஆறு ரூவா, வருசத்துக்கு எவ்வளவு ஆவும்னு. நான் வெரல மடக்கி, நீட்டி, பெருக்கி, ஒண்ண மனசுல வச்சு, மனசுல வச்சத மறந்துட்டேன். புள்ளைங்க நோட்ட மறைச்சுக்கிட்டு சிரிச்சாங்க.

வாசல்ல மாட்டுக்கு வைக்கோலு போட்டுக்கிட்டு இருந்த எங்கப்பா திரும்பாமயே, "இருவதாயிரத்தி நூத்தி அறுவது"ன்னாரு.

டீச்சர் கணக்கு பண்ணிப் பாத்தா. சரியா இருந்துச்சு.